பில்ட் உங்கள் ஹோமில் எழுதுகிறதா? புதியவர்கள் செய்யும் தவறுகள்

லினக்ஸில் மென்பொருளை நிறுவத்தக்க பேக்கேஜாகக் கட்டப் புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒரே குழியில்தான் விழுகிறார்கள்: பில்ட் (மூல நிரலிலிருந்து பேக்கேஜை உருவாக்கும் ஓட்டம்) பயனரின் ஹோமில், அதாவது அவருடைய சொந்த அடைவில், எழுதிவிடுகிறது. பாதையைத் தப்பாக எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்; அவை உடனே பிழை காட்டிவிடும். பிழை காட்டாதவைதான் ஆபத்து.

ஹோமைத் திருப்பிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது

மூல அடைவுக்கு வெளியே பில்ட் எழுதக் கூடாது என்பது டெபியன் (ஒரு லினக்ஸ் வகை) விதி. தற்காலிக அடைவுகளுக்கும், கட்டி முடித்த பேக்கேஜை மேல் அடைவில் வைப்பதற்கும் மட்டும் விலக்கு. டெபியன் பில்ட் சர்வரில், ஹோம் எங்கே என்று சொல்லும் ஹோம் மாறி, உண்மையில் இல்லாத ஓர் அடைவைக் காட்டும். அங்கே எழுதப் போனால் பில்ட் உடையும். உடனே நம் ஆட்கள் ஹோமை ஒரு தற்காலிக அடைவுக்குத் திருப்புவார்கள். அது குற்றமில்லை, டெபியன் பேக்கேஜ் கட்ட உதவும் டெப்ஹெல்ப்பர் கருவியே 13ஆம் காம்பாட் (இணக்க) நிலை முதல் அப்படித்தான் செய்கிறது. ஆனால் அங்கே போய் விழுவது வெறும் கேஷா (வேகத்துக்காகச் சேமிக்கும் நகல்), பயனருக்குப் போக வேண்டிய கோப்பா என்று ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை. அதுதான் எரிச்சல்.

எங்கள் குழுவில் ஒரு தம்பி பைத்தான் கருவி ஒன்றைக் கட்டினார். கட்டும் கட்டளைகள் உள்ள மேக்ஃபைலுக்குள் பிப் (பைத்தான் நூலகங்களை நிறுவும் கருவி) ஒளிந்திருந்தது. டெபியன் 12க்கு முன்பு, பொது அடைவில் எழுத அனுமதி இல்லையென்றால் பிப் 20 முதல் பிழை தந்ததில்லை. லாகில் ஒரு வரி சொல்லிவிட்டு ஹோமுக்குள் இருக்கும் டாட் லோக்கல் அடைவில் நிறுவிவிட்டது. சர்வரில் நூலகம் தற்காலிக ஹோமுக்குப் போய், அதோடு அழிந்தது. பில்ட் பச்சை, அதாவது வெற்றி. பேக்கேஜில் துவக்க ஸ்கிரிப்ட் மட்டும். தம்பியின் கணினியில் அருமையாக ஓடியது, ஏனென்றால் முன்பு கட்டிப் பார்த்தபோது விழுந்த நகல் அவருடைய டாட் லோக்கலில் இருந்தது! பயனர்களுக்கோ மாட்யூல் இல்லை என்ற பிழை. நாங்கள் தேடாத இடமில்லை.

பில்ட் முடிந்ததும் தற்காலிக ஹோமை அழிக்கும் முன் அதிலுள்ள கோப்புகளைப் பட்டியலிடுங்கள். கேஷ் தவிர எது இருந்தாலும் பில்டை உடையவிடுங்கள். சோதனையைப் புதிய பயனர் கணக்கில் செய்யுங்கள்.

சூடோ (நிர்வாகி அனுமதி) போட்டுக் கட்டுவது

வேண்டாம்.

ஜாவாவும் ஹோம் மாறியைப் பார்க்கும் என்று நம்புவது

லினக்ஸில் ஜாவா பயனர் கணக்கின் பதிவிலிருந்து ஹோமை எடுத்துக்கொள்ளும். யூசர்.ஹோம் பண்பைத் தனியாகக் கொடுங்கள். மேவன் (ஜாவா பில்ட் கருவி) என்றால் மேவன்.ரெப்போ.லோக்கல் பண்பு போதும்.

கோ நிரல்மொழியின் மாட்யூல் கேஷை ஆர்எம் கட்டளை கொண்டு அழிக்கப் பார்ப்பது

அதன் அடைவுகளில் எழுத அனுமதி இருக்காது, அழிக்க விடாது. கட்டும்போதே மாட்கேஷ்ஆர்டபிள்யூ கொடியைச் சேர்த்துவிடுங்கள்.