ஆள் நிற்பதில்லை என்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூர், கோவை, கரூர், ஈரோடு என்று எந்த ஊரில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதலாளிகள் சொல்லும் முதல் குறை ஒன்றுதான்: "ஆளே நிக்கறதில்லைங்க." ஆர்டர் இருக்கிறது, மெஷின் இருக்கிறது, ஓட்ட ஆளில்லை. இந்தக் குறை பொய்யில்லை. ஆனால் அதே தெருவில், அதே கூலிக்கு, வருஷக்கணக்கில் ஒரே டெய்லர்களை வைத்து ஓட்டும் யூனிட்டும் இருக்கத்தான் செய்கிறது. அங்கே பேசிப் பார்த்தால் விஷயம் பெரும்பாலும் ஒன்றில் வந்து நிற்கும்: எதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள், சொன்னதை மாற்றுவதில்லை. ஆட்களுக்கு ஊக்கம் கொடுப்பது எப்படி என்று யோசிக்கும் முன், வரும்போதே அவர்கள் கொண்டுவருகிற ஊக்கத்தை எங்கெங்கே கெடுக்கிறோம் என்று பார்த்துவிட வேண்டும்.

பெரிய தவறு ரேட்டில் தொடங்குகிறது. ஒரு பனியன் கம்பெனி லைனுக்குப் புது ஸ்டைல் வருகிறது. காலர் வைத்த டி-ஷர்ட், நெஞ்சில் பாக்கெட், பக்கவாட்டில் ஸ்லிட். பீஸுக்கு என்ன ரேட் என்று டெய்லர் கேட்கிறார். "முதல்ல ஓட்டுங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்கிறார் சூப்பர்வைசர். செவ்வாய் ஓடுகிறது, புதன் ஓடுகிறது. சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரித்த பிறகுதான் ரேட்டே தெரிகிறது. டெய்லர் மனசுக்குள் போட்டு வைத்திருந்த கணக்கைவிடக் குறைவு. வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் இருக்கும். ஆனால் திங்கட்கிழமை அவர் மெஷினில் உட்காருவாரே தவிர, கை பழைய வேகத்தில் ஓடாது. நாலைந்து நாள் ஓட்டிய பிறகு பேசும் ரேட்டில் பேரமே கிடையாது என்பது அவருக்கும் தெரியும். மாதிரி பீஸ் தைக்கும்போதே டெய்லரையும் கூட வைத்துக்கொண்டு, ஒரு பீஸுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்த்து, ரேட்டைப் பேசி லைன் போர்டில் எழுதிவிடுங்கள். எழுதிய ரேட் தப்பாகிவிட்டால், அந்த லாட், அதாவது ஒன்றாகத் தைக்க எடுத்த தொகுதி, முடியும்வரை அதே ரேட்தான். மாற்றம் அடுத்த லாட்டிலிருந்து.

முன்பணமும் இப்படித்தான். போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் ஆட்கள் மாதக்கணக்கில் வெளி மாநிலத்தில் கிடக்கிறார்கள். வீட்டுச் செலவுக்கு அட்வான்ஸ் வாங்காமல் அந்த வேலைக்குப் போவது கஷ்டம். அட்வான்ஸ் கொடுப்பதில் தவறில்லை. அதைக் கொடுத்து ஆளைக் கட்டிப் போட்டுவிட்டோம் என்று நினைப்பதுதான் தவறு. கடனைக் காட்டி ஒருவரைப் போகவிடாமல் வைத்திருப்பது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், போக முடியாமல் இருக்கிற ஆளை வைத்து டீம் அமையாது. முதலாளியின் நோட்டில் இருக்கும் அதே கணக்கு அட்வான்ஸ் வாங்கியவர் கையிலும் ஒரு நோட்டில் இருக்க வேண்டும், பிடித்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் இரண்டிலும் எழுத வேண்டும்.

போனஸைத் தீபாவளி இனாம் மாதிரி கொடுப்பது அடுத்தது. அது கணக்கில் வரவேண்டிய பணம். சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்களில் வருஷச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மார்ச்சில் கணக்கு முடித்தால் நவம்பருக்குள் என்று ஆகிறது. தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்வரை எத்தனை சதவீதம் என்று சொல்லாமல் இழுத்துவிட்டு, கொடுக்கும்போது "பாத்துச் செஞ்சிருக்கோம்" என்று சொன்னால், பணம் கைக்கு வந்தும் மனசு ஒட்டாது.

பணத்தைப் பற்றியே பேசுகிறேன் என்று தோன்றலாம். அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் வெளியிட்ட ஆய்வில், சம்பளமும் வேலைச் சூழலும் சரியில்லை என்றால் மனக்குறை வரும், சரியாக இருப்பதால் மட்டும் வேலையில் ஆர்வம் வந்துவிடாது என்றார். ஆர்வம் செய்த வேலையிலிருந்தும், பாராட்டிலிருந்தும், பொறுப்பிலிருந்தும் வருகிறது என்பது அவர் வாதம். அவர் பேட்டி கண்டது என்ஜினியர்களையும் கணக்காளர்களையும். நம் பட்டறைகளுக்கும் அது பெரும்பாலும் பொருந்துகிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வரிசை மாறக் கூடாது. கூலிக் கணக்கில் குழப்பம் இருக்கும் இடத்தில் "சிறந்த தொழிலாளர்" என்று கேடயம் கொடுத்துப் பயனில்லை.

லீவு விஷயத்தில் நடக்கும் தவறு நம் பகுதிக்கே உரியது. உள்ளூர் ஆள் மாரியம்மன் கோயில் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) லீவு கேட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பீகார் பையன் தீபாவளிக்குப் போய்ப் பத்து நாள் ஆகியும் வரவில்லை என்றால் மட்டும் "ஏமாத்திட்டான்" என்கிறோம். தீபாவளி முடிந்த ஆறாம் நாள்தான் சத் பூஜை. அவர்கள் வீட்டில் அதுதான் பெரிய நோம்பி, அம்மா விரதம் இருக்கும்போது பிள்ளை எப்படிக் கிளம்புவான்? ஒடிசாக்காரர்களுக்கு ஜூன் மாத நடுவில் ரஜோ பண்டிகை வருகிறது. யூனிட்டில் எந்த ஊர் ஆட்கள் இருக்கிறார்களோ அந்த ஊர்ப் பண்டிகைகளைக் காலண்டரில் குறித்து வைத்தால், ஷிப்மெண்ட் தேதியை அதற்கேற்ப முன்னே பின்னே தள்ளலாம். இன்னொன்று, ரயிலில் இப்போது 60 நாள் முன்புதான் முன்பதிவு திறக்கிறது. திறந்த சில நிமிடங்களிலேயே பண்டிகைக் கால டிக்கெட் தீர்ந்துவிடும். லீவு உண்டா இல்லையா என்று முதலாளி கடைசி வாரத்தில் சொன்னால், பொதுப் பெட்டியில் நின்றுகொண்டே போக வேண்டியதுதான். திரும்பி வர டிக்கெட்டும் இருக்காது. இரண்டு மாதம் முன்பே லீவைச் சொல்லி, போக வர இரண்டுக்கும் சேர்த்துப் பதிவு செய்ய உதவுங்கள். திரும்பும் டிக்கெட் கையில் இருக்கிற ஆள் திரும்பி வருகிறார்.

அடுத்தது கெட்ட செய்தி கொண்டுவருபவரைத் திட்டுவது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டீம் என்பது உண்டா இல்லையா என்பது இந்த இடத்தில்தான் தெரியும். காலருக்கு வைக்கும் ரிப்புத் துணியும் உடல் துணியும் வேறு வேறு சாயத் தொட்டியில் போய் வருபவை. டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றுபோல இருக்கும், ஜன்னலோரம் பிடித்தால் ஒரு சாயல் தள்ளித் தெரியும். ஜன்னலோர மெஷினில் இருக்கும் அக்கா அதைக் கவனிக்கிறார். "அண்ணா, இந்த ரிப்பு கலர் வேற மாதிரி தெரியுதுங்க" என்கிறார். அவசரத்தில் இருக்கும் சூப்பர்வைசர், "உங்க வேலையைப் பாருங்கம்மா" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிடுகிறார். அந்த லாட் தப்பித்தே போகலாம். அடுத்த முறை பாட்டம் ஹெம்மில், அதாவது கீழ் மடிப்பில், தையல் விட்டுப்போவதைப் பார்த்தாலும் அந்த அக்கா வாய் திறக்க மாட்டார். பக்கத்து மெஷின்காரரும் திறக்க மாட்டார். மொத்தமும் பேக்கிங் ஆகி, சரக்கு வாங்கும் பையரின் ஆள் வந்து பெட்டியைப் பிரிக்கும்போது தெரியவரும்.

ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924-இல் உருவாக்கிய தறி, நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும். அவர் குடும்பம் பின்னால் தொடங்கிய கார் தொழிற்சாலையில் இதே யோசனை ஆட்களிடம் வந்தது. குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்தால் குழுத் தலைவர் ஓடி வருவார், தேவைப்பட்டால் லைனே நிற்கும். நம் யூனிட்டில் கயிறு வேண்டாம். யாராவது ஒரு பீஸைத் தூக்கிக் காட்டினால், சூப்பர்வைசர் போய் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தவறாகவே சொல்லியிருந்தாலும் "பாத்துட்டேன், சரியாத்தான் இருக்கு, இன்னொரு தடவை தோணுனாலும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். தப்பு செய்தவரைக் கண்டிப்பது வேறு. அதைத் தனியாகக் கூப்பிட்டுச் செய்யலாம்.

மாமன், மச்சான், பங்காளி என்று சொந்தக்காரர்களை வைத்துத்தான் இங்கே பல தொழில்கள் வளர்ந்தன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மச்சான் பத்து மணிக்கு வந்தால் பேசாமல் இருந்துவிட்டு, டெய்லர் பத்து நிமிடம் பிந்தினால் கால் ஷிப்டுக் கூலி பிடிப்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நன்றாகத் தைப்பவரை ஒரே நாளில் சூப்பர்வைசர் ஆக்குவதும் அடிக்கடி நடக்கிறது. நல்ல டெய்லர் ஒருவர் குறைகிறார், தடுமாறும் சூப்பர்வைசர் ஒருவர் கூடுகிறார். ஒரு சீசன் பழைய சூப்பர்வைசர் கூட நிற்கவிட்டு, பிடிக்கவில்லை என்றால் மெஷினுக்கே திரும்ப வழி வைத்துச் செய்யுங்கள். சம்பளம் குறையாமல்.

காலை எட்டரைக்கு ஏறி இரவு எட்டரைக்கு இறங்கும் ஒன்றரை ஷிப்டு, ஷிப்மெண்ட் நெருக்கடியில் ஓரிரு வாரம் நடக்கலாம். மாதம் முழுக்க அதுவே வழக்கமானால் கடைசி மூன்று மணி நேரம் தைத்ததில் நிறைய, பிரித்துத் திருத்த ஆல்டருக்கு வந்து நிற்கும். கூடுதல் நேரத்துக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி என்பதையும் சேர்த்தால் முதலாளிக்கும் அதில் பெரிய லாபம் இல்லை.

வேலை செய்பவர் பக்கத்திலும் ஒரு தவறு உண்டு. பத்து ரூபாய் கூடத் தருகிறார்கள் என்று வருஷத்துக்கு மூன்று கம்பெனி மாறுவதில், துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஓட்டுபவர் கடைசிவரை ஓவர்லாக்கிலேயே இருந்துவிடுகிறார். இருக்கிற இடத்தில், கீழ் மடிப்பு தைக்கும் பிளாட்லாக் மெஷினும் கற்றுக்கொடுங்கள் என்று கேளுங்கள். இரண்டு மெஷினும் தெரிந்தவருக்கு எந்தக் கம்பெனியிலும் ரேட் பேச இடம் உண்டு. கேட்டு வருபவருக்கு முதலாளிகள் வேஸ்ட் துணியும், சும்மா கிடக்கும் ஒரு மெஷினும், சாயங்காலம் அரை மணி நேரமும் கொடுக்கலாம். கற்றுக்கொடுத்தால் போய்விடுவார்களே என்று சிலர் பயப்படுகிறார்கள். சிலர் போகத்தான் செய்வார்கள். மற்றவர்கள் இருப்பார்கள், பிளாட்லாக் ஆள் லீவு போட்ட அன்றைக்கு லைன் நிற்காது.