மீந்த சோற்றில் ஒரு கன்டோன்மென்ட் விருந்து: மஞ்சள் சோறு, உருண்டைக் கறி, டெவில் சட்னி

ஒரு டப்பா சோறு, கொஞ்சம் பீன்ஸ் பொரியலோ முட்டைக்கோஸ் பொரியலோ, அவித்த உருளைக்கிழங்கு இரண்டு. ஞாயிறு இரவு பல வீடுகளின் ஃபிரிட்ஜில் இவ்வளவுதான் இருக்கும். இதைச் சூடாக்கி அப்படியே தட்டில் வைத்தால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். பெரியவர்கள் ஒன்றும் சொல்லாமல் ஊறுகாய் பாட்டிலைத் தேடுவார்கள். உணவில் குறை இல்லை. நேற்றுப் பார்த்த அதே உருவத்தில் இன்றும் வந்து நிற்பதுதான் குறை. உருவத்தை மாற்றி, பக்கத்தில் புதிதாக ஒன்றே ஒன்றை அரைத்து வைத்துவிட்டால் அதே மிச்சம் விருந்தாகிவிடும்.

பெங்களூரில் வாழும் நமக்கு அப்படியொரு விருந்தின் முன்மாதிரி பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது. 1809இல் ஆங்கிலேயர் தங்கள் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து இங்கே மாற்றிக் கன்டோன்மென்டை அமைத்தார்கள். படையைத் தொடர்ந்து சென்னை மாகாணத்துத் தமிழர்கள் வந்து அல்சூரிலும் சிவாஜிநகரிலும் குடியேறினார்கள். காக்ஸ் டவுன், குக் டவுன், ரிச்மண்ட் டவுன் பக்கம் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்தன. அவர்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மூன்று பண்டங்கள் சேர்ந்தது: தேங்காய்ப்பாலில் வெந்த மஞ்சள் சோறு, கொத்துக்கறி உருண்டைகள் போட்ட கறி, செக்கச்சிவந்த டெவில் சட்னி. மிச்சத்தைப் புதுப்பிப்பதும் அந்தச் சமையலுக்குப் புதிதல்ல. இன்று உணவகங்களில் கேட்டு வாங்கும் ஜல்ஃப்ரேஸி, ஆங்கிலேயர் காலத்தில் மீந்துபோன இறைச்சியை வெங்காயமும் மிளகாயும் சேர்த்து வதக்கிய பண்டம்தான்.

அந்தச் சாப்பாட்டை மீந்ததைக் கொண்டு சைவமாகச் செய்து, 1960, 70களின் விருந்து மேசைப் பாணியில் சோற்றை வளையமாக வார்த்துப் பரிமாறப்போகிறோம். அளவுகள் நான்கு பேருக்கு. சமையலுக்குப் புதியவர்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும்.

தொடங்குமுன்: சோறு நல்ல நிலையில் இருக்கிறதா?

இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். பேசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் அரிசி கொதிக்கும்போதும் சாவதில்லை. சோறு வெளியே கிடக்கும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவில் குளிரும். அதை நம்பிப் பலர் சோற்றுப் பாத்திரத்தை அடுப்படியிலேயே விட்டுவிடுகிறார்கள். 20 டிகிரி நமக்குத்தான் குளிர். அந்த நுண்ணுயிரிக்கு அது பெருகப் போதுமான வெப்பம்.

ஆகவே, சமைத்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, மூடி ஃபிரிட்ஜில் வைத்த சோற்றையே எடுங்கள். அதையும் மறுநாளே செலவழித்துவிடுங்கள். தேங்காய் போட்ட பொரியல் இன்னும் சீக்கிரம் கெடும்; விரலில் பிசுபிசுத்தாலோ புளித்த வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு நல்ல உணவுதான், ஆனால் இந்தச் சமையலுக்கு ஆகாது.

முறையாக வைத்த சோற்றில் ஒரு வசதியும் உண்டு. குளிரில் மாவுச்சத்து இறுகிப் பருக்கைகள் விறைத்து நிற்பதால், கிளறும்போது குழையாது.

முதல் படி: டெவில் சட்னி

இது ஊற வேண்டும் என்பதால் இதிலிருந்து தொடங்குங்கள். பேடகி மிளகாய் ஆறை விதை நீக்கி, உலர்திராட்சை இரண்டு மேசைக்கரண்டியோடு சேர்த்து வெந்நீரில் 15 நிமிடம் ஊறவையுங்கள். கர்நாடகத்தில் எளிதாகக் கிடைக்கும் இந்த மிளகாயில் நிறம் அதிகம், காரம் குறைவு. சட்னியின் அழகே அந்த நிறம்தான். ஊறியதை வடித்து, நறுக்கிய பெரிய வெங்காயம் இரண்டு, வினிகர் இரண்டு மேசைக்கரண்டி, சர்க்கரை இரண்டு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி சேர்த்துத் தண்ணீர் விடாமல் மிக்ஸியில் அரையுங்கள். அடுப்பே தேவையில்லை. அரைத்தவுடன் பச்சை வெங்காயத்தின் நெடி தூக்கலாக இருக்கும். அரை மணி நேரத்தில் வினிகர் அதைத் தணித்துவிடும்.

இன்றைய மேசையில் முழுக்கப் புதிதாகச் சுவைக்கப்போவது இதுதான். புளிப்பும் இனிப்பும் காரமுமாக இது பக்கத்தில் இருந்தால் மற்றவை நேற்றையவை என்ற எண்ணமே எழாது. நேரம் இல்லையென்றால் வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

இரண்டாம் படி: உருண்டைகள்

இரண்டு கப் பொரியலை வெறும் வாணலியில் போட்டு ஈரம் வற்றும்வரை புரட்டுங்கள். ஈரம் இருந்தால் உருண்டை நிற்காது. ஆறியதும் அவித்த உருளைக்கிழங்கு இரண்டை மசித்துச் சேர்த்து, பொட்டுக்கடலை மாவு நான்கு மேசைக்கரண்டி, பொடியாக நறுக்கிய இஞ்சி ஒரு தேக்கரண்டி, பச்சை மிளகாய் ஒன்று, கொத்துமல்லித் தழை ஒரு கைப்பிடி கலந்து பிசையுங்கள். பொரியலில் ஏற்கெனவே உப்பு இருக்கும்; ருசி பார்த்துவிட்டுப் போடுங்கள்.

நெல்லிக்காய் அளவில் உருட்டி, குழிப்பணியாரச் சட்டியில் குழிக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டு, மிதமான தீயில் திருப்பித் திருப்பிச் சிவக்கவிடுங்கள். எண்ணெயில் முக்கிப் பொரிப்பதைவிட இதுவே எனக்குப் பிடித்த வழி. புதியவர்களுக்குப் பயமில்லை, உருண்டை உடைந்தாலும் குழிக்குள்ளேயே கிடக்கும். முதலில் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். உதிர்ந்தால் மாவை இன்னும் ஒரு மேசைக்கரண்டி கூட்டுங்கள்.

பீட்ரூட் பொரியல் இருந்தால் விடாதீர்கள், உருண்டைகள் அருமையான நிறத்தில் வரும். அசைவம் உண்பவர்கள் மீந்த கோழி வறுவலைப் பிய்த்துப் போட்டு இதே முறையில் செய்யலாம்.

மூன்றாம் படி: கறி

எண்ணெயில் பட்டை ஒரு துண்டு, கிராம்பு இரண்டு, நறுக்கிய வெங்காயம் இரண்டு. பொன்னிறமானதும் இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, தக்காளி இரண்டு. தக்காளி கரைந்ததும் மல்லித்தூள் மூன்று தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, உப்பு. எண்ணெய் பிரிந்தபின் இரண்டாம் தேங்காய்ப்பால் ஒன்றரை கப் ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். கடைசியில் முதல் பால் அரை கப் ஊற்றி, சூடேறி ஓரத்தில் நுரைக்கும்போதே இறக்கிவிடுங்கள். முதல் பால் தளதளவென்று கொதித்தால் திரிந்துவிடும்.

மீந்த குருமா இருந்தால் இரண்டாம் பாலோடு அதையும் ஊற்றிக் கொதிக்கவிடலாம். கறி இன்னும் கெட்டியாகும். சாம்பாரை ஊற்ற வேண்டாம். புளியும் பெருங்காயமும் தேங்காய்ப்பாலின் மணத்தை எழவே விடாது.

நான்காம் படி: மஞ்சள் சோறு

நான்கு கப் சோற்றைக் கையை நனைத்துக்கொண்டு கட்டியில்லாமல் உதிர்த்து வையுங்கள். அகன்ற வாணலியில் நெய் இரண்டு மேசைக்கரண்டி விட்டு, பட்டை ஒரு துண்டு, கிராம்பு மூன்று, ஏலக்காய் இரண்டு போட்டு மணம் வந்ததும் தீயைக் குறைத்து மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி போடுங்கள். மஞ்சளின் நிறம் தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில் கரையும். நெய்யில் போட்டால் ஒவ்வொரு பருக்கையும் ஒரே மாதிரி நிறம் பெறும். சோற்றின் மேல் தூவினால் திட்டுத்திட்டாக நிற்கும்.

உடனே சோற்றையும் உப்பையும் போட்டு அடியிலிருந்து புரட்டுங்கள். வழக்கமாக இந்தச் சோற்றை அரிசியிலிருந்தே தேங்காய்ப்பாலில் வேகவைப்பார்கள். நம்முடையது முன்பே வெந்தது என்பதால் முதல் பால் அரை கப் போதும், அதற்கு மேல் போனால் குழைந்துவிடும். பாலைச் சுற்றிலும் தெளித்து, மூடி, சிறுதீயில் ஐந்தாறு நிமிடம் வையுங்கள். நடுச்சோறும் ஆவி பறக்கும் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பு போதாது.

ஐந்தாம் படி: வளையம்

பிள்ளைகளைக் கூப்பிட வேண்டிய நேரம் இது. நடுவில் துளையுள்ள கேக் அச்சு இருந்தால் நல்லது. இல்லையென்றால் அகன்ற எவர்சில்வர் கிண்ணமும், அதன் ஆழத்துக்குச் சமமான உயரமுள்ள சிறிய டம்ளரும் போதும். கிண்ணத்தின் உட்புறத்திலும் டம்ளரின் வெளிப்புறத்திலும் நெய் தடவுங்கள். டம்ளரைக் கிண்ணத்தின் நடுவில் வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். சுற்றியுள்ள இடைவெளியில் சூடான சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரண்டியின் பின்புறத்தால் அழுத்துங்கள். டம்ளரின் அடிப்பாகமும் சோறும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை நிரப்புங்கள். சோறு தாழ்ந்திருந்தால் கவிழ்க்கும்போது சரிந்துவிடும். ஆறிய சோறு ஒட்டிப் பிடிக்காது என்பதால் இதை வாணலி இறங்கிய உடனே செய்யுங்கள்.

இரண்டு நிமிடம் பொறுத்து, பெரிய தட்டை மேலே மூடி, துணியால் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் கவிழ்த்துவிடுங்கள். கிண்ணத்தை நாலு தட்டுத் தட்டி நேராக மேலே தூக்குங்கள். இப்போது டம்ளரின் அகன்ற வாய் மேலே இருக்கும். விளிம்பைப் பிடித்து லேசாகத் திருகினால் வந்துவிடும். எங்காவது உதிர்ந்தால் ஈரக் கரண்டியால் அணைத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கொத்துமல்லித் தழையை வையுங்கள்.

அலங்காரம்

அந்தக் காலத்து மேசையில் அடக்கமாக எதுவும் இருக்காது, நீங்களும் தயங்க வேண்டாம். தக்காளியின் தோலை அறுபடாமல் ஒரே நாடாவாகச் சீவி, சுருட்டி வைத்தால் ரோஜா. அன்னாசித் துண்டின் மேல் செர்ரிப் பழம் வைத்துப் பல்குச்சியில் குத்தி வளையத்தைச் சுற்றி நட்டுவிடுங்கள். சின்னஞ்சிறு கிண்ணங்களில் வறுத்த வேர்க்கடலை, துருவிய தேங்காய், வெள்ளரித் துண்டுகள், வாழைப்பழ வில்லைகள், நொறுக்கிய அப்பளம் வையுங்கள். ஆங்கிலேயர் காலத்து விருந்துகளில் கறியைச் சுற்றி இப்படித்தான் கிண்ணங்கள் அணிவகுத்து நிற்கும். அவரவர் விருப்பப்படி தூவிக்கொள்வார்கள். கறியோடு வாழைப்பழமா என்று கேட்பவர்களை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காரமான தேங்காய்ப்பால் கறிக்கு அந்த இனிப்பு மிகவும் பொருந்தும்.

எல்லோரும் உட்கார்ந்தபின் உருண்டைகளைச் சூடான கறியில் போட்டுப் புரட்டி, வளையத்தின் நடுக்குழியில் ஊற்றுங்கள். முன்கூட்டியே போட்டால் ஊறிக் கரைந்துவிடும். குழி கொள்ளாத கறியைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

இரண்டாம் முறை சூடேறிய சோறு என்பதால் இன்று மீந்தால் மறுபடி ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். டெவில் சட்னி மட்டும் கண்ணாடி பாட்டிலில் ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள் இருக்கும். மறுநாள் காலை தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம், வெண்ணெய் தடவிய ரொட்டிக்கும் நன்றாக இருக்கும்.