மன்றத்துக்கு ஃபயர் அலாரம்: நாங்கள் செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் இளைஞர் மன்றக் கூடத்தில் பொங்கல் விழா. குத்துவிளக்கு ஏற்றிச் சாம்பிராணி போட்டதுதான் தாமதம், மேடைக்கு நேர் மேலே இருந்த ஸ்மோக் டிடெக்டர் அலற ஆரம்பித்துவிட்டது. வாட்ச்மேன் ஓடிப்போய் நிறுத்தினார். அடுத்து ஒரு நடன நிகழ்ச்சியில் புகை மெஷின், மறுபடி அலறல். மூன்றாவது விழாவில் சத்தமே இல்லை. பார்த்தால் அலாரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனல் ஆஃப். விழா கெடக்கூடாது என்று யாரோ அணைத்துவிட்டார்கள்.

தப்பு அணைத்தவர் மேல் இல்லை. எத்தனை சதுர அடி என்று மட்டும் சொல்லிக் கொட்டேஷன் வாங்கினோமே, அங்கேதான். கூடத்தில் என்னென்ன நடக்கும் என்று நாங்கள் சொல்லவுமில்லை, அலாரம் விற்றவர்கள் கேட்கவுமில்லை. சமையலறையில் சோறு வடிக்கும் ஆவிக்கே ஸ்மோக் டிடெக்டர் கத்தும். அங்கே வெப்பத்தை உணரும் ஹீட் டிடெக்டர்தான் சரி. அதிலும் சூடு சட்டென்று ஏறினாலே அடிக்கும் வகை வேண்டாம், அடுப்பு மூட்டினாலே போதும் அதற்கு. மேடைப் பக்கம் புகை, வெப்பம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மல்டி சென்சார் வைக்கலாம், விலை கொஞ்சம் கூட.

தொல்லையே வேண்டாம் என்று கூடம் முழுக்க ஹீட் டிடெக்டர் போடுவது அதைவிடப் பெரிய தவறு. 2010 பிப்ரவரி 23 அன்று நம்ம ஊர் கார்ல்டன் டவர்ஸ் அலுவலகக் கட்டடத் தீ விபத்தில் 9 பேர் இறந்தார்கள். புகை தாங்காமல் மேல் மாடியிலிருந்து குதித்தவர்களும் அதில் உண்டு. சூடு வரும் முன்பே புகை வந்துவிடும்.

விலை உயர்ந்த அட்ரஸபிள் பேனலைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். எந்த டிடெக்டர் அடித்தது என்று அது துல்லியமாகச் சொல்லும், உண்மைதான். ஆனால் ஒரு கூடம், சமையலறை, ஸ்டோர் ரூம் என்ற அளவுக்கு நாலு ஸோன், அதாவது நாலு பகுதி உள்ள சாதாரண கன்வென்ஷனல் பேனல் போதும், எந்தப் பகுதியில் அடித்தது என்று மட்டும் அது காட்டும். ஸோன் பெயரைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டுங்கள்.

அலாரத்தின் சத்தத்தைக் காலிக் கூடத்தில் சோதிப்பது இன்னொரு வேடிக்கை. குறைந்தது 65 டெசிபல், அல்லது சுற்றுச் சத்தத்தைவிட 5 டெசிபல் கூடுதல், இரண்டில் எது அதிகமோ அது என்பது பொதுவான கணக்கு. பறை ஒத்திகை நடக்கும்போது அலறும் கருவியான எந்த ஹூட்டரும் ஜெயிக்காது. மின்னும் விளக்கும் வேண்டும். அலாரம் அடித்தால் மைக் செட்டுக்குப் போகும் கரண்டு தானாக நிற்கும்படியும் வயரிங் செய்யச் சொல்லுங்கள்.

தீயைப் பார்த்தவர் அலாரம் அடிக்கக் கண்ணாடியை அழுத்தும் சிவப்புப் பெட்டி எங்கள் கூடத்தில் கோப்பை அலமாரிக்குப் பின்னால் இருந்தது. இதற்கு மேல் என்ன சொல்ல.

பேட்டரியை வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். கரண்டு போனபின் 24 மணி நேரம் காத்திருந்து, அதற்குப் பிறகும் அரை மணி நேரம் அலற வேண்டும். மெயினை அணைத்துவிட்டுச் சோதித்தால்தான் தெரியும்.

கடைசியாக ஒன்று. மாட்டியவர்கள் பணம் வாங்கிப்போன பிறகு ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். எட்டு டிடெக்டரில் மூன்றின் மேல் தூசி படாமலிருக்கப் போடும் பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது. புகை உள்ளே போக வழியே இல்லை. இப்போது சோதனைப் புகை ஸ்ப்ரே ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிறு காலை, கேரம் ஆட வரும் பையன்களில் ஒருவன் ஏணியைப் பிடித்துக்கொள்வான், இன்னொருவன் ஸ்ப்ரே அடிப்பான்.