ரூக்வுட் பூச்சாடியை வாங்கும் முன் அடிப்பக்கத்தைப் படிப்பது எப்படி?

பூ ஓவியத்தில் மயங்கி விலை பேசாதீர்கள். முதலில் சாடியைக் கவிழ்த்துப் பாருங்கள். அமெரிக்காவின் சின்சினாட்டியில் 1880-இல் மரியா லாங்வொர்த் நிக்கல்ஸ் தொடங்கிய ரூக்வுட் மட்பாண்டப் பட்டறை, தன் சாடிகளின் விவரத்தை அடியிலேயே பதித்து வைத்தது. சேகரிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

தேவையானவை: 10 மடங்கு லென்ஸ், டார்ச், தடித்த துண்டு. மோதிரத்தைக் கழற்றிவிட்டு, சாடியைத் துண்டின் மேல் படுக்க வையுங்கள். வாய் விளிம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது.

படி 1: ஆண்டு. திருப்பிப் போட்ட 'ஆர்' எழுத்தும் 'பி' எழுத்தும் முதுகோடு முதுகு ஒட்டிய முத்திரையைத் தேடுங்கள். அதைச் சுற்றித் தீச்சுடர் வடிவில் சிறு குறிகள் இருக்கும். சுடர் இல்லாத முத்திரை 1886. அதன்பின் ஆண்டுக்கு ஒரு சுடர் கூடும்; சுடர்களை எண்ணி 1886-உடன் கூட்டினால் ஆண்டு வந்துவிடும். 6 சுடர் என்றால் 1892. 1900-இல் 14 சுடரோடு நிறுத்திவிட்டு, 1901 முதல் முத்திரைக்குக் கீழே ஆண்டைக் குறிக்கும் ரோம எண் போட்டார்கள். பள்ளத்தில் மெருகு (சாடியின் மேலுள்ள கண்ணாடி போன்ற பூச்சு) தேங்கியிருந்தால் ஒரு சுடர் விட்டுப்போகும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து, இரண்டு முறை எண்ணுங்கள்.

படி 2: மற்ற குறிகள். ரோம எண் அல்லாத சாதாரண எண் சாடியின் வடிவத்தைக் குறிக்கும். பக்கத்து எழுத்து அளவு: 'ஏ' பெரியது, 'எஃப்' சிறியது. கையால் கீறிய எழுத்துகள் ஓவியருடையவை. முத்திரையின் குறுக்கே 'எக்ஸ்' தேய்த்திருந்தால், பட்டறையே குறையுள்ளது என்று ஒதுக்கிய சாடி. விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

படி 3: பூ. வண்ணக் களிமண் குழம்பால் வரைந்து, மேலே மெருகு ஏற்றியிருப்பார்கள். சாய்வு வெளிச்சத்தில் இதழின் ஓரம் லேசாகப் புடைத்துத் தெரியும். மெருகு அதன்மேல் தடையின்றி ஓடும். மெருகுக்கு மேலே வண்ணம் இருந்தால் ஒட்டுப்போட்டு மறைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். புற ஊதா விளக்கில் அந்த இடம் பெரும்பாலும் வேறு நிறமாக ஒளிரும்.

படி 4: விரிசல். மெருகில் வலைபோல் ஓடும் நுண்கோடுகளைக் கண்டு பயப்பட வேண்டாம். களிமண்ணும் மெருகும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் வருவது அது. விளிம்பிலிருந்து உள்ளும் புறமும் ஒரே இடத்தில் இறங்கும் தனிக்கோடுதான் ஆபத்து. விரல் முட்டியால் மெல்லத் தட்டுங்கள்: மணிபோல் ஒலிக்காமல் மந்தமாகக் கேட்டால் விரிசல் இருக்கலாம். அடியில் ஓட்டை இருந்தால், யாரோ மேசைவிளக்காக மாற்றத் துளைத்திருப்பார்கள், மதிப்பு இறங்கும்.

படி 5: சுத்தம். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, மென்துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தால் போதும். ஊற வைக்காதீர்கள், ப்ளீச் வேண்டவே வேண்டாம். நுண்கோடுகள் வழியாக நீர் களிமண்ணுக்குள் இறங்கிக் கறை பிடிக்கும். பூ வைக்க ஆசையென்றால் உள்ளே தனியாக ஒரு கண்ணாடிக் குடுவையைப் போட்டு, அதில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.