மூன்கேக் டின்னும் அஞ்சறைப்பெட்டியும்: பழைய பொருள்களைச் சமையலறைச் சேமிப்புக்கு மாற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டுதோறும் நடு இலையுதிர்கால விழா முடிந்த சில நாள்களில், சீன அண்டை வீட்டாரும் அலுவலக நண்பர்களும் கொடுத்த மூன்கேக் டின்கள் சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் காலியாகிவிடும். தங்க நிறப் பூவேலை செய்த அந்தச் சதுரப் பெட்டியைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வருவதில்லை. நான்கு கேக்குகள் இருந்த இடத்தில் கடுகு, சீரகம், வெந்தயம், மிளகு என நான்கு கிண்ணங்களை வைத்தால் அஞ்சறைப்பெட்டி ஆகிவிடுமே என்ற எண்ணம் உடனே தோன்றும். எண்ணம் நல்லதுதான். ஆனால் கிண்ணம் வைக்காமல், அட்டைத் தடுப்புகளை மட்டும் செருகி மஞ்சள்தூளையும் மிளகாய்த்தூளையும் தகரத்தின் மேலேயே கொட்டினால், சில வாரங்களிலேயே தூள் கட்டிதட்டிப் போவதையும் பெட்டியின் மூலைகளில் துரு எட்டிப் பார்ப்பதையும் காணலாம். அந்த மூடி அழகுக்காகச் செய்யப்பட்டது. காற்றைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டதன்று.

பழைய பொருளை எடுக்கும்போது அதன் வடிவத்தை மட்டும் பார்ப்பதே இத்தகைய தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர். அது முன்பு எதை வைத்திருந்தது, இனி எதைத் தாங்கப்போகிறது, எப்படிப்பட்ட காற்றில் இருக்கப்போகிறது ஆகியவற்றையும் கேட்டாக வேண்டும். சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். மழையில்லாத பிற்பகலிலும் அது ஏறத்தாழ 60 விழுக்காட்டளவில் இருக்கும். குளிர்நாட்டுச் சமையலறையில் எடுக்கப்பட்ட காணொளியைப் பார்த்து அப்படியே செய்பவர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள்.

நானும் மறந்திருக்கிறேன். எங்கள் புளோக்கில் ஒரு குடும்பம் வீடு மாறியபோது மின்தூக்கி அருகே விட்டுச்சென்ற அலமாரியிலிருந்து இரண்டு இழுப்பறைகளை எடுத்துவந்து, வெங்காயமும் உருளைக்கிழங்கும் வைப்பதற்காகப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே அடுக்கினேன். வெளியே பார்த்தால் தேக்குப் போன்ற வரி. உள்ளே இருந்ததோ மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை. அதன் பரப்பை மெல்லிய தாள் மூடியிருந்தது, ஆனால் அறுத்த விளிம்புகள் திறந்தே இருந்தன. அந்த விளிம்புகள் வழியாக ஈரம் ஏறி, மூன்றே மாதத்தில் பலகை தேநீரில் தோய்த்த பிஸ்கட்டைப் போல ஊதிவிட்டது. திருகாணிகளும் பிடிப்பின்றி ஆடத் தொடங்கின. இத்தகைய பலகையைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் அறுபட்ட விளிம்புகள் அனைத்தையும் வண்ணமோ வார்னிஷோ பூசி அடைத்து, தரையிலிருந்து சற்று உயரும்படி கால்கள் வைத்து, குழாய்க்கும் தொட்டிக்கும் எட்டாத இடத்தில் நிறுத்த வேண்டும். கனமான பொருளுக்குப் பிளைவுட்டோ முழு மரமோதான் ஏற்றது; 10 கிலோ அரிசி மூட்டையை மரத்தூள் பலகைத் தட்டில் வைத்தால் அது நடுவில் தொய்வதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

வெளியிலிருந்து எடுத்துவரும் மரப்பொருளோடு வேண்டாத விருந்தாளிகளும் வருவதுண்டு. இணைப்புகளையும் திருகாணித் துளைகளையும் கைவிளக்கு அடித்துப் பார்க்காமல் வீட்டுக்குள் கொண்டுவருவது பெரிய தவறு. மூட்டைப்பூச்சி அங்கேதான் ஒளிந்திருக்கும். சமையலறைகளில் அதிகம் காணப்படும் சிறிய கரப்பான் இனத்தின் ஒரே முட்டைக் கூட்டில் 30 முதல் 40 முட்டைகள் வரை இருக்கும். நெளிவுகள் கொண்ட அட்டைப்பெட்டிகளும் கரப்பானுக்கு மிகப் பிடித்த இடம் என்பதால், அவற்றுக்கு அழகான துணி ஒட்டி மளிகைக் கூடையாக்கும் யோசனையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

சரக்கு ஏற்றும் மரத்தட்டுகளைப் பிரித்துச் சுவர்த் தட்டு செய்வோர் அந்த மரத்தில் குத்தப்பட்ட முத்திரையைப் படிக்க வேண்டும். நாடு விட்டு நாடு செல்லும் மரப்பொதிகளில் கோதுமைக் கதிர்ச் சின்னத்துடன் இரண்டு எழுத்துகள் இருக்கும். ‘எச்டி’ (HT) என்றால் மரத்தின் உள்மையம் வரை 56 பாகை செல்சியஸ் வெப்பம் குறைந்தது 30 நிமிடம் ஏறியிருக்கிறது என்று பொருள். ‘எம்பி’ (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை ஏற்றப்பட்டிருக்கிறது. இரண்டாவதைச் சமையலறைக்குள் கொண்டுவரவே வேண்டாம். முதல் வகையிலும் வழியில் என்ன சிந்தியது என்பதை முத்திரை சொல்லாது. ஆகவே கறை படிந்த பலகையை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றில் மூடிய புட்டிகளை மட்டும் வைப்பதே முறை.

இனி, உணவையே நேரடியாகத் தொடும் கலங்கள். வண்ணம், பூச்சிமருந்து, சலவைத் திரவம் ஆகியவை இருந்த எந்தக் கலத்தையும், எத்தனை முறை கழுவினாலும், உணவுக்குப் பயன்படுத்தக்கூடாது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. குளிர்பானப் புட்டியில் ப்ளீச்சை ஊற்றிவைப்பது குழந்தைகள் உள்ள வீட்டில் பேராபத்து. பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் உள்ள எண்ணைத் தரச்சான்றாகக் கருதுவோர் பலர். அது பிளாஸ்டிக்கின் வகையைக் குறிக்கிறதே தவிர, உணவுக்குப் பாதுகாப்பானது என்று உறுதி கூறுவதன்று. 5 என்ற எண் கொண்ட பாலிபுரோப்பிலீன் ஓரளவு சூட்டைத் தாங்கும். 1 என்ற எண் கொண்ட தண்ணீர்ப் புட்டி சூட்டில் உருமாறிவிடும். காலியான ஐஸ்கிரீம் டப்பாவில் காய்ந்த மிளகாய் வைக்கலாம், கொதிக்கும் சாம்பாரை ஊற்றக்கூடாது.

தாத்தா பாட்டி காலத்துப் பித்தளைப் பாத்திரங்களை ஊரிலிருந்து கொண்டுவந்து அலமாரியில் அழகாக அடுக்குவோர் ஒரு சொல்லில் ஏமாறக்கூடும். பித்தளைக்கு ‘ஈயம் பூசுதல்’ என்று நாம் சொல்வதும், ரசம் வைக்கும் ‘ஈயச்சொம்பு’ என்பதும் உண்மையில் வெள்ளீயத்தைக் குறிக்கின்றன. நச்சுள்ள ஈயம் வேறு உலோகம். பெயர் ஒன்றாக இருப்பதால் பழைய பாத்திரத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் தெரியும் ஒட்டு வேலையும் பாதுகாப்பானதே என்று நினைத்துவிடுகிறோம். உலோகத்தை ஒட்டப் பயன்படும் பழைய பற்றாசில் ஈயம் கலந்திருப்பது மிகவும் சாதாரணம். உள்பூச்சு தேய்ந்த பித்தளையில் புளி, உப்பு, ஊறுகாய், எலுமிச்சை எதையும் வைக்கலாகாது, ஏனெனில் புளிப்பும் உப்பும் செம்பையும் துத்தநாகத்தையும் கரைத்து எடுக்கும். பொட்டலத்தைப் பிரிக்காமல் பருப்பு வைக்கலாம்; அல்லது கரண்டிகளை நிறுத்திவைக்கலாம்.

கண்ணாடிப் புட்டிகளைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. ஜாம் புட்டி திடீர்ச் சூட்டில் விரிசல் விடும் என்பதையும், மூடியின் உள்வளையம் பழைய வாசனையை விடாது என்பதையும் நினைவில் வைத்தால் போதும். பூண்டு ஊறுகாய் இருந்த புட்டியில் ஏலக்காயைப் போட்டால், அடுத்த பாயசம் எப்படியிருக்கும் என்று சொல்லவே வேண்டியதில்லை. கழுவிய புட்டியை ஒரே இரவில் உலர்ந்துவிட்டதாக நம்ப வேண்டாம். நம் ஊர்க் காற்றில் கழுத்து வளைவுக்குள் ஈரம் மறுநாளும் தங்கியிருக்கும்.

ஈரத்தை உறிஞ்சட்டும் என்று காலணிப் பெட்டியில் கிடைத்த சிறு பொட்டலத்தைப் பருப்பு டின்னில் போடும் பழக்கமும் இருக்கிறது. அதிலுள்ள மணிகள் நீல நிறமாக இருந்து ஈரம் பட்டதும் இளஞ்சிவப்பாக மாறினால், அவற்றில் பெரும்பாலும் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருள் சேர்க்கப்பட்டிருக்கும். உணவோடு வந்த பொட்டலத்தைத் தவிர வேறெதையும் போடாதீர்கள். வண்டு வருவதற்கு டின்னைக் குறைசொல்வதும் பல நேரங்களில் நியாயமன்று. அரிசி வண்டு தானியத்தைத் துளைத்து அதற்குள்ளேயே முட்டையிடுவதால், அது கடையிலிருந்தே வந்திருக்கலாம். வாங்கிய அரிசியைச் சிறு பைகளாகப் பிரித்து, 4 நாள்கள் உறைபெட்டியில் வைத்து, பின் அறைச் சூட்டுக்கு வந்ததும் டின்னில் நிரப்பலாம். பழைய அரிசி தீருமுன் அதன் மேலேயே புதியதைக் கொட்டுவதுதான் உண்மையான தவறு.

மூங்கில் துண்டையோ உட்குழிவான குழாயையோ கரண்டி செருகும் குவளையாக்குவோர் அடியில் துளையிட மறந்துவிடுகிறார்கள். ஈரக் கரண்டியிலிருந்து வடியும் நீர் அங்கே தேங்கினால், ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமே போதும்.

செய்து முடித்த தட்டை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே மரத்தட்டு மாட்டினால் எண்ணெய்ப் புகை பிசுபிசுப்பாகப் படிவதோடு தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், அவசர காலப் பாதுகாப்புக்காகக் கட்டப்பட்ட காப்பறையில் மாட்டுவதானால் அதன் சுவரில் எவ்வளவு ஆழம் துளையிடலாம், காற்றுத் துளைகளை எப்படித் திறந்தே வைக்க வேண்டும் என்ற விதிகளை முதலில் படிக்க வேண்டும். உள்ளே இடமில்லை என்று வெளி நடைவழியில் அடுக்குவோர், அங்கே 1.2 மீட்டர் அகலம் எப்போதும் தடையின்றி இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். எப்போதாவது பயன்படும் என்று சேர்த்த டின்களும் பலகைகளும் ஆறு மாதமாகத் தொடப்படாமல் கிடந்தால், அவற்றில் பூஞ்சை பிடிக்குமுன் பழைய பொருள் வாங்கும் காராங்குனிக்காரர் ஊதும் குழலொலி கேட்கும் நாளில் கொடுத்துவிடலாம்; அவர் வாங்காத பெரிய பலகைகளை அகற்ற நகர மன்றத்திடம் சொல்லலாம்.