அரிக்கஞ்சட்டியும் தங்க வேட்டையும்: நாலாம் வகுப்போடு ஒரு நாள்

முதலில் ஒரு அரிக்கஞ்சட்டி தேடிப் பிடியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். உள்பக்கம் வரிவரியாகக் கீறல் போட்ட மண்சட்டி அது. அரிசியைத் தண்ணீர் விட்டு ஆட்டி ஆட்டி வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் கல் மட்டும் அந்த வரிகளில் நின்றுவிடும். இப்போது கல் பொறுக்கின அரிசியே பாக்கெட்டில் வந்துவிடுவதால் யாரும் அதைத் தொடுவதில்லை, ஆனாலும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கும், இல்லாவிட்டால் மானாமதுரை மண்பாண்டக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1848இல் கலிபோர்னியாவிலும் 1851இல் ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டிலும் தங்கம் தேடி ஓடைக்கரையில் குந்தியிருந்து ஆட்கள் ஆட்டிய தகரத் தட்டும் இதே வேலையைத்தான் செய்தது. கனமானது அடியில் தங்கும், லேசானது தண்ணீரோடு போகும்.

எங்கள் பள்ளியில் மூன்று வருடமாக நாலாம் வகுப்புக்கு ஒரு நாள் முழுக்க தங்க வேட்டைக் காலத்தை நடத்துகிறேன். மரத்தடி, ஆறு பிளாஸ்டிக் பேசின், ஆற்று மணல் இரண்டு சாக்கு, முப்பது பிள்ளைகள், அவ்வளவுதான் செலவு. காலையில் எங்கள் சத்துணவுக்கூடத்து ஆயா வந்து அரிக்கஞ்சட்டியில் கல் அரித்துக் காட்டுவார், நான் பேசுவதைவிடப் பிள்ளைகள் அவர் மணிக்கட்டைத்தான் பார்ப்பார்கள். அது போதும், பாடம் ஆரம்பித்துவிட்டது.

தங்கத்துக்கு என்ன செய்வது? முதல் வருடம் பொடிக்கல்லில் தங்கக்கலர் பெயின்ட் அடித்து மணலில் கலந்தேன். பார்க்க ஜோராகத்தான் இருந்தது, ஆனால் தட்டை ஆட்டினால் மணல் போகிற வழியிலேயே "தங்கமும்" போய்விட்டது, பத்தே நிமிடத்தில் பிள்ளைகள் தட்டைக் கீழே போட்டுவிட்டுக் கையை விட்டுத் துழாவ ஆரம்பித்தார்கள். கல்லுக்குப் பெயின்ட் அடித்தாலும் அது கல்தானே. மணல் தண்ணீரைப்போல இரண்டரை மடங்கு சொச்சம் கனம், தங்கமோ 19 மடங்கு. அவ்வளவு கனத்துக்கு நாம் எங்கே போக, பித்தளை எட்டு மடங்குக்கு மேல் இருக்கிறது, அது போதும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் பித்தளை மணியாக வாங்குங்கள். கடையில் பளபளவென்று பிளாஸ்டிக் மணியை எடுத்து நீட்டுவார்கள், ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். லேத் பட்டறையில் பித்தளைச் சீவல் சும்மா கிடைக்கும், வேண்டாம், விரலில் ஏறிவிடும். ஈயம் பக்கமே போகாதீர்கள்.

கூடவே சைக்கிள் கடை பால்ரஸ் (பொடி இரும்புக் குண்டு) ஒரு இருபது வாங்கித் தங்கக்கலர் அடித்துக் கலந்துவிடுங்கள். அது போலித் தங்கம். காந்தத்தைக் காட்டினால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும், அப்போது அந்தக் குழுவின் முகத்தைப் பார்க்க வேண்டும். உண்மையில் அந்தக் காலத்து ஆட்களை ஏமாற்றியது பைரைட் என்ற மஞ்சள் கனிமம், அதற்குக் காந்தச் சோதனை எடுபடாது, சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். தங்கம் தட்டையாகும், பைரைட் நொறுங்கும். இதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், காந்தம்தான் உரைகல் என்று நினைத்துக்கொண்டு வீட்டில் அம்மா தாலியில் காந்தம் வைத்துப் பார்த்த பையன் என் வகுப்பிலேயே உண்டு.

இனி முக்கியமான விஷயம். பேசின்களுக்கு மணியைச் சமமாகப் பிரித்துப் போடாதீர்கள். நான் 120 மணியை 50, 30, 20, 12, 8 என்று போட்டுவிட்டு ஒரு பேசினை வெறும் மணலாகவே விட்டுவிடுவேன். "பாவம் டீச்சர், சின்னப் பிள்ளைகள்" என்று சக ஆசிரியர் ஒருவர் தடுத்தார். குழுவுக்கு இருபது கிடைத்தால் அது பிறந்தநாள் விளையாட்டு, தங்க வேட்டை இல்லை. கலிபோர்னியாவுக்கு மூன்று லட்சம் பேர் போனார்கள், பணக்காரனாகத் திரும்பியவன் கொஞ்சம் பேர்தான். நம் நீலகிரியில் பந்தலூர், தேவாலா பக்கம் 1880 வாக்கில் இதே கூத்து நடந்தது, லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகத் திறந்து பங்கு விற்றார்கள், சில வருடத்தில் எல்லாம் படுத்துவிட்டது. எந்தப் பேசின் காலி என்பதைச் சாயங்காலம் வரை யாரிடமும் சொல்லாதீர்கள், குழுக்கள் சீட்டு எடுத்து இடம் பிடிக்கட்டும்.

அரிக்கும் முறையை ஒரு தடவை நிதானமாகச் செய்து காட்டுங்கள். தட்டில் பாதிக்கு மணல், தட்டு முழுகத் தண்ணீர். முதலில் சுழற்றவே கூடாது, இடமும் வலமும் குலுக்க வேண்டும், அப்போதுதான் கனமானது அடிக்கு இறங்கும். பிறகு தட்டை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து, தண்ணீரில் முக்கி மெதுவாக எடுத்தால் மேல் மணல் மட்டும் நழுவிப் போகும். பெரிய கல்லைக் கையால் பொறுக்கிப் போடுங்கள். மறுபடி குலுக்கு, மறுபடி சாய். ஒரு கரண்டி மணல் மிஞ்சும்போது அவசரப்படாமல் நாலு சொட்டுத் தண்ணீரை ஓரமாக விட்டால் மஞ்சள் தெரியும். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் ஆர்வத்தில் முதல் சாய்ப்பிலேயே எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுவார்கள், கவிழ்க்கட்டும், அதே பேசினுக்குள்தானே விழுகிறது. ஊருணிக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், இயற்கையாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் முப்பது பிள்ளைகளைப் படிக்கட்டில் நிறுத்திக்கொண்டு உங்களால் ஒரு நிமிடம் மூச்சு விட முடியாது. பேசினில் அதே தண்ணீரையே நாள் முழுக்க வைத்துக்கொள்ளலாம், கடைசியில் அதைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.

விளையாட்டில் காசுக்குப் பதில் மஞ்சாடி விதை. பத்தர்கள் தங்கம் நிறுத்தது குன்றிமணியில், இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்று கணக்கு. குன்றிமணி அழகாக இருக்கிறது என்று அதை எடுத்துவிடாதீர்கள், உடைத்துத் தின்றால் கடும் விஷம். மஞ்சாடியையும் வாயில் போட விடக் கூடாது. இரண்டு கொட்டாங்கச்சியைக் கயிற்றில் கட்டித் தராசு செய்யுங்கள், ஒரு பக்கம் விதை, ஒரு பக்கம் மணி. பவுன் கதையைச் சொல்ல இதுதான் நேரம். பல்லாரட் தங்கம் கிடைத்து நாலு வருடத்தில், 1855இல், சிட்னியில் நாணயச்சாலை திறந்து அங்கேயே சாவரின் காசு அடித்தார்கள். ஒரு பவுண்டு காசு, எடை எட்டு கிராமுக்கு மயிரிழை குறைவு. "எத்தனை பவுன் போட்டாங்க?" என்று நம் வீடுகளில் கேட்கிற பவுன் அந்தப் பவுண்டுதான். 1869இல் பல்லாரட் இருக்கிற அதே விக்டோரியா மாகாணத்தில் மோலியாகுல் என்ற இடத்தில் விரற்கடை ஆழத்தில் ஒரே கட்டியாகச் சுமார் 70 கிலோ தங்கம் கிடைத்தது, அதை நிறுக்கத் தராசு இல்லாமல் பட்டறைக் கல்லில் வைத்து உடைத்தார்கள். எத்தனை பவுன் வரும் என்று வகுத்துப் பார்க்கச் சொன்னால், பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு கணக்குப் போடுவார்கள்.

குழுவுக்குப் பத்து விதை முன்பணம். தட்டு வாடகை நாலு, ஒரு வாளித் தண்ணீர் ஒன்று, லைசென்ஸ் மூன்று. ஒரு பித்தளை மணிக்கு ஒரு விதை வீதம் கொடுத்து வாங்கிக்கொள்ள ஒருவர். கடையில் ஒரு பிள்ளை, லைசென்ஸ் அதிகாரியாக ஒரு பிள்ளை. லைசென்ஸ் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும், தங்கம் கிடைத்ததா இல்லையா என்ற பேச்சே கிடையாது. பல்லாரட்டில் முதலில் மாதம் 30 ஷில்லிங், அதாவது ஒன்றரை பவுண்டு, இப்படித்தான் பிடுங்கினார்கள். அதிகாரி திடீரென்று வந்து "லைசென்ஸ் எங்கே?" என்று கேட்பான், இல்லாவிட்டால் அந்தக் குழு ஐந்து நிமிடம் மரத்தடியில் நிற்க வேண்டும். நீங்கள் எதுவும் தூண்டிவிட வேண்டாம். மூன்றாவது தடவை வரும்போது காலிப் பேசின் குழு தானாகக் கத்த ஆரம்பிக்கும், போன வருடம் இரண்டு குழுக்கள் லைசென்ஸ் சீட்டைக் கசக்கி வீசிவிட்டு என்னிடம் நியாயம் கேட்டு வந்தன. அந்த இடத்தில் விளையாட்டை நிறுத்திவிட்டு பல்லாரட்டில் தோண்டுகாரர்கள் நடத்திய யுரேகா கிளர்ச்சியின் கதையைச் சொல்லுங்கள். லைசென்ஸைக் கொளுத்தியது, தென்சிலுவைக் கொடியின் கீழ் சத்தியம் செய்தது, 1854 டிசம்பர் 3 விடியற்காலையில் படை வந்து தாக்கியதில் இருபதுக்கு மேற்பட்ட தோண்டுகாரர்கள் செத்தது, அடுத்த வருடமே மாதக் கட்டணத்தை எடுத்துவிட்டு வருடத்துக்கு ஒரு பவுண்டு என்று மாற்றியது. துப்பாக்கிச் சண்டையை நடித்துக் காட்ட ஆசைப்படுவார்கள், நான் விடுவதில்லை.

கடைக்காரர் வேடத்தை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்துக் கொடுங்கள். கலிபோர்னியாவில் சாமுவேல் பிரானன் என்பவர் மண்வெட்டி, தட்டு எல்லாவற்றையும் முதலில் வாங்கிக் கடையில் அடுக்கிவிட்டு, அப்புறம்தான் தங்கத்தூள் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு சான்பிரான்சிஸ்கோ தெருவில் "தங்கம், தங்கம்" என்று கத்திக்கொண்டு போனார். என் வகுப்பில் கடையில் உட்கார்ந்த பெண்ணுக்கு நான் இதைச் சொல்லவே இல்லை. அவளாகவே நோட்டில் வரவு, பற்று என்று கோடு போட்டுக்கொண்டாள், காசு தீர்ந்த குழுக்களுக்கு "மூணு தர்றேன், நாலாத் திருப்பித் தா" என்று கடன் கொடுக்க ஆரம்பித்தாள், மதியத்துக்குள் பாதி வகுப்பு அவள் பேரேட்டில். பார்த்தவர்கள் எல்லாம் "செட்டிநாட்டு ரத்தம்ல" என்று சிரித்தார்கள். அவள் அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். ரத்தமாவது ஒன்றாவது, கூட்டல் கழித்தல் நன்றாக வரும், அவ்வளவுதான்.

சாப்பாட்டை நீட்ட வேண்டாம். கோதுமை மாவு, உப்பு, தண்ணீர் சேர்த்துப் பிசைந்து கனத்த அடையாகத் தட்டிக் கரியடுப்பில் சுட்டால் அதுதான் ஆஸ்திரேலியத் தோண்டுகாரர்களின் டாம்பர். அடுப்பு பெரியவர்கள் கையில் இருக்கட்டும், பிசைவதும் தட்டுவதும் பிள்ளைகள். கூடக் கட்டங்காப்பி. "வரமிளகாய்த் துவையல் இல்லையா டீச்சர்?" என்று கட்டாயம் ஒருவன் கேட்பான். இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

சாப்பிட்டு எழுந்ததும் தலையில் மூட்டையோடு மைதானத்தைப் பத்துச் சுற்று நடக்க வைப்பேன். 1855இல் விக்டோரியா அரசு, கப்பலில் வந்து இறங்கும் சீனர் ஒவ்வொருவருக்கும் பத்து பவுண்டு வரி போட்டது. அதற்குத் தப்பிக்க அவர்கள் பக்கத்து மாகாணத்து ரோப் துறைமுகத்தில் இறங்கி நானூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தே தங்க வயலுக்கு வந்தார்கள். இதைச் சொன்னதும் எங்கள் வகுப்பில் ஒரு பையன், அவன் ஐயாவுக்கு ஐயா பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர் என்று வீட்டில் கேட்டதைச் சொன்னான். இந்தப் பக்கத்தில் வகுப்புக்கு ஒரு பிள்ளையாவது இப்படிச் சொல்லும். அப்போது அட்டவணையைப் பார்க்காதீர்கள், பேசவிடுங்கள்.

கடைசி அரைமணி நேரம் கணக்குக்கு. எத்தனை மணி எடுத்தோம், கடைக்கு எவ்வளவு, லைசென்ஸுக்கு எவ்வளவு, கடன் எவ்வளவு, கையில் என்ன மிச்சம் என்று ஒவ்வொரு குழுவும் எழுத வேண்டும். 50 மணிப் பேசின் குழுவே போன வருடம் பதினோரு விதையோடுதான் நின்றது, கடையில் இருந்தது 64. காலிப் பேசின் எது என்று அப்போது சொல்லுங்கள், அந்தக் குழு பொங்கி எழும், எழட்டும்.

மணலைச் சாக்கில் அள்ளுவதற்கு முன்னால் காலிப் பேசின் குழுவிடமே மற்ற ஐந்து பேசினையும் கொடுத்து இன்னொரு தடவை அரிக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் அவசரத்தில் விட்டுப்போன மணலை மறுபடி அரித்துத்தான் பல்லாரட்டில் சீனர்கள் பலர் பிழைத்தார்கள். போன வருடம் அந்த ஐந்து பேரும் பள்ளி மணி அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை, பதினேழு மணி எடுத்தார்கள், அதில் இரண்டு பால்ரஸ்.