புள்ளி போனது, புகை போகவில்லை: தீ கண்காணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி, தீயைப் புள்ளியாகக் காட்டும் செயற்கைக்கோள் வரைபடத்தைப் போட்டு, "இன்னிக்குப் புள்ளியே இல்ல, தீ அணைஞ்சிருச்சு" என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பல வருடங்களுக்கு முன் நானே எழுதிய வாக்கியம் அது, கிட்டத்தட்ட எழுத்துப் பிசகாமல்.

எங்கள் ஊர் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்து பெஸ்தாரி ஜெயா. பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான். ஒரு பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை)த் தோட்டங்கள், இன்னொரு பக்கம் ராஜா மூசா காட்டுக் காப்பகம். பெரும்பாலும் காம்புட் மண். ஆயிரக்கணக்கான வருடங்களாகத் தண்ணீரில் ஊறி, முழுதாக மக்காமல் கிடக்கும் இலையும் வேரும் கட்டையும்தான் அந்த மண். நனைந்திருக்கும்வரை பஞ்சு, காய்ந்துவிட்டால் அடுப்புக்கரி. குப்பையைக் கொளுத்தாதே, சிகரெட் துண்டை வீசாதே என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர் யாருமில்லை.

புள்ளி விழுந்த இடத்துக்கே ஓடுவது

அப்படியொரு வரைபடம்தான் நாசாவின் ஃபிர்ம்ஸ். அதில் மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவி காட்டும் புள்ளி, சுமார் 1 கிலோமீட்டர் சதுரம் ஒன்றின் நடுப்புள்ளி. விர்ஸ் என்ற இன்னொரு கருவிக்கு அந்தச் சதுரம் 375 மீட்டர். தீ அதற்குள் எந்த மூலையிலும் இருக்கலாம். சரியாகப் புள்ளியில் போய் நின்று, "இங்க ஒண்ணும் இல்லையே" என்று மோட்டாரைத் திருப்பிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், ஒரே இடத்தில் ராத்திரிக்கு ராத்திரி புள்ளி விழுந்தால் அங்கே ஏதாவது ஆலை இருக்கிறதா என்று பாருங்கள். தொழிற்சாலைச் சூட்டையும் கருவி தீயாக எடுத்துக்கொள்ளும்.

புள்ளி இல்லை, அதனால் தீ இல்லை

இதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டும் தவறு.

2014 தொடக்கம். சிலாங்கூரில் தண்ணீர்ப் பங்கீடு நடந்த அந்த வறட்சி. பக்கத்துத் தோட்டத்தின் கடைசி பிளாக்கில் தீ. மூன்று நாள் வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள், நாலாம் நாள் ஒன்றுமில்லை. முந்தின ராத்திரி ஒரு தூறலும் போட்டிருந்தது. நான் பெருமையாகக் குழுவில் செய்தி போட்டேன்: "தீ அணைந்துவிட்டது, யாரும் கவலைப்பட வேண்டாம்." ராத்திரிக் காவலுக்கு இருந்த பையன்கள் அதை நம்பி வீட்டுக்குப் போனார்கள். பம்பையும் கழற்றி லாரியில் ஏற்றியாயிற்று.

மறுநாள் விடியற்காலை லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) அக்கா ஒருவர் கூப்பிட்டார். ஆஸ்துமாக்காரர். "தம்பி, அணைஞ்சிருச்சுன்னு நீதானே போட்ட? அப்ப என் ஜன்னல் வழியா வர்றது என்ன, சாம்பிராணியா?"

நடந்தது இதுதான். செயற்கைக்கோள் ஊருக்கு மேலேயே உட்கார்ந்து காவல் காப்பதில்லை. அப்போது மோடிஸ் கருவி இரண்டு செயற்கைக்கோள்களில் இருந்தது. ஒன்று பத்தரை மணி வாக்கில், மற்றொன்று ஒன்றரை மணி வாக்கில், பகலிலும் இரவிலுமாகக் கடந்து போகும். அந்த நேரம் மேகம் மறைத்தால் தரை தெரியாது. மேகம் இல்லாவிட்டாலும் காம்புட் தீ மேலே கொழுந்து விடாமல் மண்ணுக்கடியில் கனன்றால், மேலே வரும் சூடு கருவிக்கு எட்டாமல் போகலாம்.

தூறலும் என்னை ஏமாற்றியது. மேலே கிடந்த சருகு நனைந்தது, அவ்வளவுதான். நன்றாகக் காய்ந்துபோன காம்புட் தண்ணீரை உடனே குடிக்காது, எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் தெளித்த மாதிரி உருட்டி விட்டுவிடும். வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் தீ அபாய மதிப்பீட்டில் வறட்சிக் குறியீடு என்று தனியாக ஒன்று இருப்பதே ஆழத்து ஈரத்தைச் சொல்லத்தான். ஒரு தூறலுக்கு அது இறங்காது. நான் அதைத் திறந்தும் பார்க்கவில்லை.

தோட்டத்து மேஸ்திரியான மண்டோரும் நானும் போய்ப் பார்த்தோம். எல்லைக் கால்வாய் வற்றிக் கிடந்தது. தீ அதன் அடியிலேயே நுழைந்து அடுத்த பக்கம் தலைகாட்டியிருந்தது. தரையில் வெள்ளைச் சாம்பல் வட்டம் வட்டமாக. மண்டோர் ஓர் இரும்புக் கம்பியை முழங்கை ஆழத்துக்குச் செருகி, கொஞ்ச நேரம் விட்டு உருவி, நுனியில் எச்சில் தொட்ட விரலை வைத்தார். சுர்ரென்றது. பச்சை மட்டையோடு நின்ற ஒரு செம்பனை, காற்றே இல்லாமல், எங்கள் கண்ணெதிரே மெதுவாகச் சாய்ந்தது. அடியில் வேரே இல்லை. மண்டோர் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

காவலை எடுக்காமல் இருந்திருந்தால் கால்வாய்க்கு இந்தப் பக்கமே முடிந்திருக்கும். அதன் பிறகு கால்வாயில் மணல் மூட்டை அடுக்கி, தண்ணீர் இறைத்து, நிலத்தடி நீரையே மேலே ஏற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே தம்பிகளே, "புள்ளி இல்லை" என்றால் "புள்ளி இல்லை" என்று மட்டும் எழுதுங்கள். "அணைந்தது" என்ற சொல் கம்பி வைத்துப் பார்த்தவர் சொல்ல வேண்டியது. அவரும் ஒரு தடவை பார்த்தால் போதாது, அடுத்தடுத்து சில நாட்கள் பார்க்க வேண்டும்.

தனியாக உள்ளே போவது

போகாதீர்கள். மேலே தரை, கீழே நெருப்புக் குழி.

காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்து ஜன்னலைத் திறப்பது

2005 ஆகஸ்டில் குறியீடு 500ஐத் தாண்டி, கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசரநிலை அறிவித்ததைப் பார்த்தவர்களுக்கு 120 என்றால் அலட்சியம். ஆனால் 101லிருந்தே அது ஆரோக்கியமற்ற நிலை. தவிர, நுண்துகளுக்கான கணக்கு 24 மணி நேரச் சராசரி. விடியற்காலையில் உங்கள் லயத்தில் இறங்கும் புகை அதில் முழுதாகத் தெரியாது. நிலையம் இருப்பதும் உங்கள் வாசலில் இல்லை. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மங்கலாகத் தெரிந்தால் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்ப வேண்டாம்.

பச்சையாக நின்றால் காடு பிழைத்தது என்பது

அந்தச் செம்பனை கதைதான் காட்டிலும். வேர் கருகிய மரம் சில காலம் பச்சையாகவே நின்று, பிறகு விழும். எரிந்த இடத்தில் முதலில் லாலாங் புல்லும் மாஹாங் மரமும் வரும். தூரத்துப் படத்தில் எல்லாம் பச்சைதான். லாலாங் அடுத்த வறட்சியில் முதலில் பற்றும். படம் எடுக்கும்போது தரையையும் கால்வாயின் நீர்மட்டத்தையும் சேர்த்து எடுங்கள்.

பழைய படத்தைப் பகிர்வது

தேதி இல்லாத புகைப் படம் வதந்தி.

அவசர எண் 999க்கு "காடு எரியுது" என்று மட்டும் சொல்வது

எந்தக் காடு? தோட்டத்தின் பெயர், பிளாக் எண், லாரி போகும் பாதை, தண்ணீர் இருக்கும் கால்வாய், இவ்வளவையும் சொல்லுங்கள். தோட்டத்துக் கேட் பூட்டியிருந்தால் சாவி தோட்ட எழுத்தரான கிராணியிடமா, காவலாளியிடமா என்பதையும்.